பொதியுடன் செல்லும் ஏவலேடு

ஒருவர் ஆக்கிய பொருளை மற்றொருவர் இல்லத்திற்கு அனுப்பும் முறை இருவகைப்படும். பொருளை மட்டும் அனுப்புதல் ஒன்று. பொருளுடன் அதனை அமைத்துக் கொடுக்கும் ஆளையும் உடன் அனுப்புதல் மற்றொன்று. நூல் வாங்குவோர்க்கு நூற்கட்டு வந்து சேர்ந்தாற் போதும். சுவர்க் கடிகாரம் வாங்குவோர்க்கோ ஆணி அறைந்து, மட்டம் பார்த்து, மணி திருத்தி வைக்கும் ஆளும் வேண்டியிருக்கிறது. அவ்வாள் வீட்டினுள் நுழைகிறான்; சுவரில் துளையிடுகிறான்; வீட்டுக்குடையவன் வேறு அலுவலில் இருக்க, தன் எண்ணப்படியே காரியம் செய்து போகிறான். அவன் நாணயமும் கைத்திறனும் உடையவனாயின் நன்று. அல்லனாயின், கடிகாரம் எத்துணைச் சிறந்ததாயினும் வீடு கெடும்.

கணினிக்குரிய மென்பொருளை உலகெங்கும் பகிர்ந்தளிக்கும் முறையிலும் இவ்விருவகை உண்டு. மென்பொருளின் கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய கட்டினைப் பொதி என்கிறோம். பொதி கணினியில் இறங்கிய பின்பு எஞ்சிய அமைப்பு வேலைகளைச் செய்து முடித்தற்கென, அதனுள்ளேயே வைத்தனுப்பப்படும் கட்டளைத் தொகுதி ஒன்றும் உண்டு. கணினித் துறையார் அதனைப் போஸ்ட்-இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் என்பர். கடிகாரத்துடன் வரும் ஆளை ஒத்தது அது. ஏவிய வேலையைச் செய்விப்பதாகலின், அதனை ஈண்டு ஏவலேடு என வழங்குவோம். ஏவலேடு யாது, ஏன் வேண்டப்படுவது, எங்ஙனம் எழுதப்படல் வேண்டும், எவ்வெல்லைக்குள் அடங்கி நிற்றல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் கல்லூரியிற் கணினி பயிலும் மாணவர் பலர் நாளை பிறருக்கென மென்பொருள் ஆக்கி அனுப்பப் போகின்றவராதலின், இவ்வாராய்ச்சி அவர்க்குப் பெரிதும் பயன்படுவதாகும்.

1. பொதியின் உள்ளமைப்பு

பொதுப்பட உரைப்பதினும் ஒரு பொதியையே பிரித்துக் காண்பது நலம். 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இயான் மர்டாக் என்பார் தொடங்கிய டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். பலரும் அறிந்த உபுண்டு அதன் வழிவந்ததே. டெபியனின் பொதி டெப் எனப்படும். அதனைப் பிரித்தால் மூன்று உறுப்புகள் காணப்படும். முதலாவது, பொதியமைப்பின் பதிப்பெண்ணைக் கூறும் சிறு கோப்பு. இரண்டாவது, பொதியைப் பற்றிய செய்திகளைக் கொண்ட கட்டுப்பாட்டுப் பகுதி. மூன்றாவது, கணினியில் இறங்க வேண்டிய கோப்புகள் யாவும் அடங்கிய சரக்குப் பகுதி.

பொதியின் பெயர், பதிப்பு, அது சார்ந்து நிற்கும் பிற பொதிகள் ஆகியன இரண்டாம் பகுதியில் எழுதப்பட்டிருக்கும். ஏவலேடுகளும் அங்கேயே உறையும். அவை நால்வகைப்படும். இறக்குமுன் ஓடுவது ப்ரீ-இன்ஸ்ட். இறக்கிய பின் ஓடுவது போஸ்ட்-இன்ஸ்ட். நீக்குமுன் ஓடுவது ப்ரீ-ஆர்.எம்.; நீக்கிய பின் ஓடுவது போஸ்ட்-ஆர்.எம். எல்லாப் பொதிக்கும் நான்கும் வேண்டுமென்பதில்லை; ஒன்றேனும் இல்லாத பொதிகளும் மிகப் பல. ரெட் ஹாட், ஃபெடோரா முதலிய தொகுப்புகளில் வழங்கும் ஆர்.பி.எம். பொதியிலும் இந்நான்கிற்கு ஒத்த பகுதிகள் உண்டு.

டெபியனில் நிறுவும் வேலையை நடத்துவது டி.பி.கே.ஜி. என்னும் நிரல். அது முதலிற் சரக்கை உரிய இடங்களில் பிரித்து வைக்கும். அந்நிலையில் பொதி "பிரிக்கப்பட்டது" எனக் குறிக்கப்படும். பின்பு, அது சார்ந்துள்ள பிற பொதிகள் ஆயத்தமானதும், போஸ்ட்-இன்ஸ்ட் ஏவலேட்டை ஓட்டும். அவ்வேடு குறைவின்றி ஓடி முடிந்தாலன்றிப் பொதி "நிறுவப்பட்டது" என்னும் நிலையை எய்தாது. இடையிற் பிழைபட்டால், "பாதி அமைக்கப்பட்டது" என்னும் நிலையிலேயே நின்றுவிடும்.

ஈண்டு ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. ஏவலேடு ஓடுவது பொதியை ஆக்கியவரின் கணினியில் அன்று, பெறுபவரின் கணினியிலேயாம். ஓடுங்கால் அதற்குக் கிடைக்கும் அதிகாரமோ, ரூட் எனப்படும் தலைமைப் பயனரின் முழு அதிகாரம். அது எக்கோப்பையும் படிக்கலாம்; எக்கோப்பையும் திருத்தலாம்; எக்கோப்பையும் அழிக்கலாம். ஆக்கியவர் அருகில் இல்லை. பெறுபவரோ அவ்வேட்டைப் பிரித்துப் படித்துப் பார்ப்பது அரிது. கண்ணிற் காணாத ஒருவர் எழுதிய கட்டளையை, அதனைப் படியாத ஒருவரின் கணினி, மறுசொல் இன்றி நிறைவேற்றுகிறது. இதனினும் பெரிய நம்பிக்கையை முன்பின் அறியாத ஒருவர்பால் நாம் வைத்தல் அரிதன்றோ?

2. ஏவலேடு ஏன் வேண்டும்?

இத்துணை அபாயம் உளதேல், ஏவலேடே வேண்டாவென ஒதுக்கிவிடலாகாதோ எனின், எளிதில் ஆகாது. என்னை? சில காரியங்கள் பெறுபவரின் இடத்திலன்றி முடியா. அவற்றுள் மூன்றனை உதாரணமாகக் காட்டுவோம்.

முதலாவது இரகசியம். தொலைவிலுள்ள கணினியினுள் பாதுகாவலுடன் நுழைதற்கு உதவுவது ஓப்பன் எஸ்.எஸ்.எச். என்னும் மென்பொருள். அதன் சேவைப் பகுதியை நிறுவும் ஒவ்வொரு கணினிக்கும், "நான் இன்ன கணினியே" என மெய்ப்பித்தற்குரிய தனித் திறவுகோல் வேண்டும். அத்திறவுகோலை ஆக்கியவரே பொதியுள் வைத்தனுப்பினால் உலகிலுள்ள கணினிகள் அனைத்திற்கும் ஒரே திறவுகோலாய்விடும். ஊர் முழுவதற்கும் ஒரே சாவியெனின் பூட்டுத்தான் எதற்கு? ஆகவே, டெபியனில் அப்பொதியின் ஏவலேடு தான் சென்று சேர்ந்த கணினியிலேயே புதிய திறவுகோல்களை உண்டாக்குகிறது.

இரண்டாவது எண். சேவை மென்பொருள்கள் பல, ரூட்டின் முழு அதிகாரத்துடன் ஓடாது, தமக்கெனச் சிறிய அதிகாரமுடைய தனிப் பயனர் ஒருவரின் பெயரால் ஓடுதல் வழக்கம். பயனர் ஒவ்வொருவர்க்கும் கணினி ஓர் எண் வழங்கும். டெபியனில் இத்தகைய பயனர்க்கு, 100 முதல் 999 வரையுள்ள எண்களுள் அப்பொழுது ஒழிந்திருப்பது ஒன்று அளிக்கப்படும். எந்தக் கணினியில் எவ்வெண் ஒழிந்திருக்கும் என்பதை அனுப்புபவர் எங்ஙனம் முன்னறிவார்? ஆதலின் அப்பயனரைச் சென்ற இடத்திலேயே படைத்தல் வேண்டும்.

மூன்றாவது அட்டவணை. எழுத்துருக்கள், கையேட்டுப் பக்கங்கள், பல நிரல்கள் பொதுவிற் பயன்கொள்ளும் நிரற்றொகுதிகள் ஆகியவற்றை விரைந்து தேடி எடுத்தற்பொருட்டுக் கணினி அட்டவணைகளை வைத்துக்கொள்ளும். அவ்வட்டவணை ஒரு பொதியை மட்டும் பொறுத்ததன்று. அக்கணினியிற் குடியிருக்கும் பொதிகள் அனைத்தையும் பொறுத்தது. புதியதொன்று புகுந்தவிடத்து அதனைத் திருத்தி எழுதுதல் அவ்விடத்திலேயே செய்யத்தக்க வேலை.

இம்மூன்றிலிருந்தும் ஒரு பொதுவிதி பெறப்படும். சென்ற இடத்தில் மட்டுமே அறியக்கூடியது எதுவோ, அதனை மட்டுமே ஏவலேடு செய்தல் வேண்டும். ஆக்கும் இடத்திலேயே முடிக்கக்கூடிய வேலை யாவற்றையும் முடித்தே அனுப்புதல் வேண்டும். இதனை நினைவிற் கொண்டால், பின்வருவன யாவும் இதன் விரிவேயாதல் விளங்கும்.

இவ்விதியை மறந்தவர் செய்யும் தவறு பலவகை. ஒரு கோப்பின் பெயரை மாற்றுதல், ஒரு கோப்பினின்று மற்றொன்றிற்கு இணைப்பு அமைத்தல், மாதிரிக் கோப்பைப் படியெடுத்து வைத்தல் முதலியவற்றை ஏவலேட்டில் எழுதிவிடுவர். இவற்றுள் எதற்கும் பெறுபவரின் கணினியைப் பற்றிய அறிவு வேண்டுவதில்லை. எல்லாவற்றையும் சரக்குப் பகுதியிலேயே செம்மையாய் வைத்தனுப்பலாம். அங்ஙனம் அனுப்பாமையால் விளையும் தீங்கு யாதெனின், டி.பி.கே.ஜி. தான் இறக்கிய கோப்புகளுக்கு மட்டுமே பட்டியல் வைத்துக்கொள்ளும். ஏவலேடு தானே உண்டாக்கிய கோப்பு அப்பட்டியலில் ஏறாது. பின்னர், "இக்கோப்பு எப்பொதிக்குரியது?" என வினவினால் விடை கிடையாது. பொதியை நீக்கும்போது அது நீங்காமல், உரியவரற்ற பொருளாய் எஞ்சி நிற்கும்.

3. ஓர் இடைவெளியால் விளைந்த கேடு

பலகை எனச் சேர்த்தெழுதினால் மரத்தாலாகிய ஒரு பொருள். பல கை எனப் பிரித்தெழுதினால் கைகள் பல. இடையே விட்ட வெற்றிடம் ஒன்றே பொருளை வேறாக்கிவிடுகிறது. மனிதர் படிக்கும் தமிழிற் சூழ்நிலை நோக்கிப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். ஏவலேட்டைப் படிக்கும் ஷெல் என்னும் நிரலுக்கோ அத்தகைய உய்த்துணர்வு இல்லை. இடைவெளி கண்டவிடமெல்லாம் ஒரு சொல் முடிந்து மறுசொல் தொடங்கியதாகவே அது கொள்ளும். இதனால் விளைந்த இரு நிகழ்ச்சிகள் கணினி வரலாற்றில் நிலைத்துவிட்டன.

2001ஆம் ஆண்டு நவம்பரில் ஆப்பிள் நிறுவனத்தார் தம் ஐட்யூன்ஸ் என்னும் இசை மென்பொருளின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டனர். பழைய பதிப்பு எவ்வட்டில் இருப்பினும் அதனை முதலில் அழித்துவிடுமாறு நிறுவும் ஏட்டில் ஒரு கட்டளை இருந்தது. வட்டின் பெயரை மேற்கோட் குறிக்குள் அடைக்காமல் அக்கட்டளை எழுதப்பட்டுவிட்டது. ஒருவரிடம் "இசை" என்றொரு வட்டும் "இசை இரண்டு" என மற்றொரு வட்டும் இருப்பதாகக் கொள்வோம். "இசை இரண்டு" என்பதிலுள்ள பழைய பதிப்பை அழிக்கச் சொன்னால், ஷெல் முதற்சொல்லோடு நின்று, "இசை" என்னும் வட்டு முழுவதையும் அழிக்கத் தொடங்கும். இங்ஙனம் பலர் தம் வட்டுகளிலிருந்த கோப்புகளை இழந்தனர். நிறுவனத்தார் அப்பதிப்பை உடனே திரும்பப் பெற்றுத் திருத்திய பதிப்பை வெளியிட்டனர்.

பத்தாண்டு சென்று, 2011ஆம் ஆண்டு, மடிக்கணினிகளின் வரைகலை அட்டைகளைப் பயன்கொள்ள உதவும் பம்பிள்பீ என்னும் லினக்ஸ் மென்பொருளின் நிறுவும் ஏட்டிலும் இத்தகையதே நிகழ்ந்தது. யூ.எஸ்.ஆர். என்னும் பெருங்கோப்புறையின் ஆழத்தில் இருந்த ஒரு சிறு பகுதியை அழிப்பதே ஆக்கியவரின் கருத்து. அம்முகவரியில் யூ.எஸ்.ஆர். என்னும் பெயரை அடுத்துத் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ஷெல் அதனைக் கண்டதும் சிறு பகுதியை நாடிச் செல்லாது, யூ.எஸ்.ஆர். முழுவதையும் அழித்தது. லினக்ஸ் கணினியின் நிரல்களிற் பெரும்பாலன உறைவது அக்கோப்புறையிலேயே என்பதை அறிந்தோர், பயனர் அடைந்த நிலையைத் தாமே ஊகித்துக்கொள்வர்.

இவ்விரு நிகழ்ச்சியிலும் தீய எண்ணம் உடையார் ஒருவரும் இல்லை. ஆக்கியவர் தம் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது ஏடு குறைவின்றி ஓடியிருக்கவும் கூடும். அவர் வட்டின் பெயரில் இடைவெளி இல்லையாயின் பிழை வெளிப்படுமாறு எங்ஙனம்? பிறர் வீடு நம் வீட்டைப் போன்றதன்று என்பதை மறத்தலே கேட்டிற்கெல்லாம் மூலம்.

4. நல்ல ஏவலேட்டின் இலக்கணம்

இனி, ஏவலேடு எழுத வேண்டுவது தவிர்க்க முடியாதாயின், எழுதுவோர் கைக்கொள்ளத்தக்க விதிகளைத் தொகுத்துரைப்போம். இவற்றுட் பல டெபியனின் கொள்கை நூலிற் கட்டளையாகவே வைக்கப்பட்டுள்ளன.

முதல் விதி: பன்முறை ஓடினும் ஒருமுறை ஓடியது போன்ற பயனே விளைதல் வேண்டும். மின்சாரம் நின்று வேலை பாதியில் முறியலாம். வட்டு நிரம்பி முறியலாம். அப்பொழுது நிர்வாகி மீண்டும் நிறுவுவார். ஏவலேடு முதலிலிருந்து மறுபடி ஓடும். கோப்பின் இறுதியில் ஒரு வரியைச் சேர்க்க என்று மட்டும் எழுதியிருந்தால், மூன்றுமுறை ஓடியபின் அவ்வரி மூன்றுமுறை நிற்கும். "அவ்வரி இல்லையாயின் சேர்க்க" என்று எழுதுவதே முறை. பயனரைப் படைக்கும் கட்டளையும் அங்ஙனமே, முன்னரே இருப்பின் வாளா விடுதல் வேண்டும்.

இரண்டாம் விதி: பிழையை மறைத்தலாகாது. ஒரு கட்டளை தோற்றபின்னும் அடுத்ததற்குச் செல்லும் ஏவலேடு, இடிந்த சுவரின்மேல் கூரை வேய்பவனை ஒக்கும். ஆகலின், தோல்வி கண்டவிடத்தே நிற்குமாறு ஏட்டின் தொடக்கத்திலேயே எழுதிவைப்பர். ஆயினும் அற்பக் காரணத்திற்காகப் பொதி முழுவதையும் பாதியில் நிறுத்துதலும் தகாது. அதனைச் சார்ந்து காத்திருக்கும் பிற பொதிகளும் உடன் நின்றுவிடும். ஆர்.பி.எம். முறையிலோ வேறொரு வேற்றுமை உண்டு. நிறுவிய பின் ஓடும் ஏவலேடு தோற்றாலும் அங்கே எச்சரிக்கை ஒன்று எழுமேயன்றிப் பொதி நிறுவப்பட்டதாகவே கொள்ளப்படும். எம்முறைக்கு எழுதுகிறோம் என்பதை அறிந்து எழுதுதல் அவசியம்.

மூன்றாம் விதி: வினா எழுப்பலாகாது. நள்ளிரவில் ஒரு கணினி தானே தன் பொதிகளைப் புதுப்பித்துக்கொள்ளும்போது, "ஆம் என்பீரா, இல்லை என்பீரா?" என ஏவலேடு கேட்டு நின்றால், விடிந்து ஒருவர் வரும்வரை அது நின்றே இருக்கும். கேட்டே தீர வேண்டியவற்றிற்கென டெபியனில் டெப்கான்ஃப் என்னும் ஏற்பாடு உண்டு. விடை சொல்வார் இல்லாதவிடத்து முன்னரே வகுத்த விடையை அது தானே கொள்ளும்.

நான்காம் விதி: பொதிக்குப் புறம்பான சரக்கை வலையிலிருந்து இறக்கலாகாது. சென்ற கணினிக்கு வலைத்தொடர்பே இல்லாதிருக்கலாம். அதனினும் முதன்மையான காரணம் வேறு. டெபியனின் பொதிப் பட்டியல் கையொப்பமிடப்பட்டது. ஒவ்வொரு பொதியும் வழியிற் சிதையாமலும் மாறாமலும் வந்ததா என்பது அப்பட்டியல் கொண்டு சரிபார்க்கப்படுகிறது. ஏவலேடு தானே போய்க் கொணரும் கோப்பு அக்காவலைக் கடவாமற் புறவாயில் வழியே உள்ளே வருவதாகும்.

ஐந்தாம் விதி: சென்ற இடம் உயிரோடு ஓடும் கணினி எனக் கருதிவிடலாகாது. இக்காலத்தில் ஒரு வட்டுப் படிமத்தை ஓரிடத்தில் அமைத்து, அதனை நூறு கணினிகளுக்குப் படியெடுத்தல் வழக்கமாயிற்று. படிமம் அமைக்கும்போதே ஏவலேடு ஓடிவிடுமாதலின், அப்பொழுது சேவையைத் தொடங்க முயலுதல் வீண். மேலே கூறிய எஸ்.எஸ்.எச். திறவுகோல் அப்படிமத்திலேயே உண்டாகிவிட்டால் நூறு கணினிக்கும் ஒரே திறவுகோலாகி, முன்னர் எதனைத் தவிர்க்க எண்ணினோமோ அதுவே வந்து சேரும். ஃபெடோராவில் திறவுகோலை நிறுவும் நேரத்தில் உண்டாக்காது, சேவை முதன்முறை தொடங்கும் நேரத்தில் உண்டாக்குகின்றனர். இஃது அறிந்து போற்றத்தக்க ஏற்பாடு.

ஆறாம் விதி: நிர்வாகி தம் கையால் திருத்தியதை அழிக்கலாகாது. ஈ.டி.சி. என்னும் கோப்புறையிலுள்ள அமைப்புக் கோப்புகளில் அவர் பல நாள் உழைத்துத் தம் தேவைக்கேற்ற மாற்றம் செய்திருப்பார். புதுப்பதிப்பின் ஏவலேடு அவற்றை மீண்டும் பழைய வடிவிற்குத் திருப்புமாயின், அது விருந்தினனாய் வந்தவன் வீட்டுப் பண்டங்களை இடம்மாற்றி வைத்துப் போவதை ஒக்கும்.

ஏழாம் விதி: புகுதல், புதுப்பித்தல், நீங்குதல் ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். டெபியனில், முன்னர் அமைக்கப்பட்டிருந்த பதிப்பின் எண் ஏவலேட்டிற்குத் தெரிவிக்கப்படும். முதன்முறையாயின் அவ்விடம் வெறுமையாய் இருக்கும். ஆர்.பி.எம். முறையில், அப்பொதியின் பதிப்புகள் எத்தனை எஞ்சி நிற்கும் என்பது எண்ணாகத் தெரிவிக்கப்படும். அங்குப் புதியவர் பலர் இடறி விழும் இடம் ஒன்றுண்டு. புதுப்பிக்கும்போது முதலிற் புதுப்பதிப்பின் ஏவலேடு ஓடும். அதன் பின்னரே பழைய பதிப்பின் நீக்கும் ஏவலேடு ஓடும். பழைய ஏடு எண்ணை நோக்காமல், "நான் நீங்குகின்றேன், ஆதலின் சேவையை நிறுத்துகின்றேன், தரவை அழிக்கின்றேன்" எனச் செய்துவிடுமாயின், அப்பொழுதுதான் புதுப்பதிப்பு கட்டிய வீட்டை அதுவே இடித்ததாகும். எண் சுழியாயின் மெய்யான நீக்கம். ஒன்றாயின் புதுப்பித்தல் என அறிக.

5. ஆளே கள்வனாயின்

இதுகாறும் ஆக்குவோர் நல்லெண்ணம் உடையவர் எனக் கொண்டே கூறினோம். தீயோர் கையில் ஏவலேடு எத்தகைய கருவியாகும் என்பதையும் நோக்குவோம்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நிரல் எழுதுவோர் என்.பி.எம். என்னும் களஞ்சியத்திலிருந்து பொதிகளைப் பெறுகின்றனர். அங்கே ஒரு பொதியை வேண்ட, அது சார்ந்த பிற பொதிகள் நூற்றுக்கணக்கில் உடன் இறங்குதலும் உண்டு. பொதியின் ஏவலேடு பயனரின் சொந்த அதிகாரத்துடன் ஓடும். ரூட்டின் அதிகாரம் இல்லையே என ஆறுதல் கொள்ளல் இயலாது. நிரல் எழுதுவோரின் கடவுச்சொற்களும் நுழைவுக் குறிகளும் அவர்தம் சொந்தக் கோப்புறையிலேயே அன்றோ இருக்கின்றன?

2018ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், ஈ.எஸ்.லின்ட்-ஸ்கோப் என்னும் பொதியின் 3.7.2 என்ற பதிப்பு அக்களஞ்சியத்தில் தோன்றிற்று. அதனை வெளியிட்டவன் உரிமையுடையவன் அல்லன். பராமரிப்பாளர் ஒருவர் ஒரே கடவுச்சொல்லைப் பலவிடத்தும் வழங்கியமையால் அவர் கணக்கினுள் நுழைந்த கள்வன். அப்பதிப்பிற் சேர்க்கப்பட்டிருந்த ஏவலேடு, நிறுவிய அக்கணமே வெளியிடத்திலிருந்து ஒரு நிரலைக் கொணர்ந்து ஓட்டி, பயனரின் என்.பி.எம். நுழைவுக் குறியைக் கவர்ந்து அனுப்பிற்று. களஞ்சியத்தை நடத்துவோர், அன்று ஒரு குறித்த நேரத்திற்கு முன் வழங்கியிருந்த நுழைவுக் குறிகள் அனைத்தையும் செல்லாவென அறிவிக்க வேண்டியதாயிற்று.

2025ஆம் ஆண்டு செப்டம்பரில் இதனினும் பெரிய கேடு விளைந்தது. ஷாய்-ஹுலூத் எனப் பெயர் பெற்ற நச்சுநிரல் ஒரு பொதியின் ஏவலேடாய் ஓடி, நிறுவியவரின் நுழைவுக் குறிகளைத் தேடி எடுத்தது. அவர் தாமும் பொதிகளை வெளியிடுபவராயின், அக்குறிகளைக் கொண்டு அவருடைய பொதிகளிலும் தன்னைப் புகுத்தி, அவர் பெயராலேயே புதுப்பதிப்பு வெளியிட்டது. அப்புதுப்பதிப்பை நிறுவியோர் வழியே மேலும் பரவிற்று. கொள்ளைநோய் போல ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றி, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பொதிகளைக் கெடுத்தது. மென்பொருளை எவரும் இயக்காமலே, நிறுவுதல் என்னும் ஒரு செயலாலேயே இத்தீங்கு விளைந்தமை நோக்குக.

6. ஏவுதலினும் அறிவித்தல் நன்று

இவற்றையெல்லாம் கண்ட அறிஞர், ஏவலேட்டின் வேலையைக் குறைத்துக்கொண்டே வருகின்றனர். அவர்தம் வழி யாதெனின், "இதனைச் செய்" என ஏவுவதை விடுத்து, "எனக்கு இது வேண்டும்" என அறிவித்தல். செய்யும் வேலை, நன்கு சோதிக்கப்பட்ட பொது நிரல் ஒன்றன் பொறுப்பாகும்.

நூலகத்திற்கு ஒரே நாளில் நூறு நூல்கள் வருகின்றன எனக் கொள்வோம். ஒவ்வொரு நூலுடனும் ஓர் ஆள் வந்து நூற்பட்டியை முதலிலிருந்து திருத்தி எழுதினால் நூறுமுறை எழுத வேண்டும். நூல்கள் யாவும் தட்டில் ஏறிய பின் நூலகத்தார் தாமே ஒருமுறை எழுதினால் வேலையும் குறையும், பிழையும் குறையும். டி.பி.கே.ஜி. இல் டிரிக்கர் என வழங்கும் ஏற்பாடு இத்தகையது. அட்டவணைக்கு உரிய பொதி, "இன்ன கோப்புறையில் மாற்றம் நேர்ந்தால் என்னை எழுப்புக" என ஒருமுறை சொல்லிவைக்கும். பிற பொதிகள் கோப்பை வைப்பதோடு தம் கடமை முடிந்தது. 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஃபெடோரா 28 முதல், நிரற்றொகுதி கொண்ட ஒவ்வொரு பொதியும் அட்டவணை திருத்தும் கட்டளையைத் தானே எழுதி வைக்கும் பழைய வழக்கம் வேண்டாததாயிற்று. பயனரைப் படைத்தற்கும், தற்காலிகக் கோப்புறைகளை அமைத்தற்கும், சிஸ்டம்டி என்னும் தொகுதியில் இத்தகைய அறிவிப்பு முறைகள் உண்டு. பொதியில் இரண்டொரு வரி எழுதினாற் போதும்.

பைத்தான் மொழியின் வீல் என்னும் பொதியமைப்பில், நிறுவிய பின் ஓடும் ஏவலேட்டிற்கு இடமே வைக்கப்படவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் உலகில், பி.என்.பி.எம். என்னும் நிர்வாக நிரலின் பத்தாம் பதிப்பு 2025ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தபோது, சார்ந்து வரும் பொதிகளின் ஏவலேடுகளைப் பயனர் பெயர் குறித்து அனுமதித்தாலன்றி ஓட்டாது நிறுத்தும் வழக்கத்தை மேற்கொண்டது. என்.பி.எம். இலும் ஏவலேடுகளை ஓடாமல் தடுக்கும் தெரிவு உண்டு.

பெறுபவர் தம் பங்கிற்குச் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. அது படித்துப் பார்த்தல். டெபியனில் நிறுவப்பட்ட பொதிகளின் ஏவலேடுகள் டி.பி.கே.ஜி. இன் தகவற் கோப்புறையில் எவரும் படிக்குமாறு திறந்தே கிடக்கின்றன. ஆர்.பி.எம். முறையிலும் ஒரு பொதியின் ஏவலேடுகளைக் காட்டென ஒரே கட்டளையாற் கேட்கலாம். பெரும்பாலன சில வரிகளே கொண்ட சிற்றேடுகள். மாணவர் தம் கணினியிலுள்ள பத்துப் பொதிகளின் ஏடுகளை எடுத்து, "இவ்வரி சென்ற இடத்திலன்றி முடியாததா? முன்னரே முடித்தனுப்பத் தக்கதா?" என வரிதோறும் வினவிப் பார்ப்பாராயின், அதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

மாணவ நண்பர்காள்! கணினிக் கலையில் ஆற்றல் மிகுந்தது எதுவோ அதுவே அடக்கமும் மிகுதியாய் வேண்டுவது. நீவிர் எழுதும் ஏவலேடு, நீவிர் ஒருபோதும் காணாத ஊரில், பெயரறியாத ஒருவரின் கணினியில், அவர் உறங்கும் வேளையில் ஓடும். அவருடைய கணக்குகளும் கடிதங்களும் குழந்தைகளின் நிழற்படங்களும் அங்கே இருக்கும். எழுதுமுன், இவ்வேடு வேண்டுமா என ஒருமுறை கேளுங்கள். வேண்டுமாயின், இருமுறை ஓடினால் என்னாகும், இடையில் முறிந்தால் என்னாகும், பெயரில் இடைவெளி இருந்தால் என்னாகும் எனக் கேளுங்கள். இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அனுப்புங்கள். பிறர் வீட்டுக் கதவு நமக்காகத் திறக்கப்படும்போது, உள்ளே சென்று செய்ய வேண்டியதைச் செய்து, வேறெதனையும் தொடாது, கதவைச் சாத்திவிட்டு வருதலே நாகரிகம்.